சில்லென்று ஒரு சொல்

எனக்கு ஆங்கிலம் தெரியும். தெரியாமலிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்!

அந்தப் பாஷையை முழுக்கக் கற்றவர்களுக்கு ஆபத்தில்லை. அடியோடு தெரியாதவர்களுக்கும் ஆபத்தில்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு, அப்புறம் மளிகைச் சாமான் பாக்கெட்டிலும் மருந்துப் புட்டியிலும் இருப்பதை வாசித்தே காலம் தள்ளிய என்னைப் போன்றவர்கள், 'நமக்கும் தெரியும்' என்று பேனாவைத் தூக்குகிறோமே, அங்கேதான் ஆபத்து. நான் எழுதிய ஒரே ஒரு வார்த்தை என் மருமகளை 22 நாள் கலங்க வைத்துவிட்டது. அதனால்தான் பிறகு அந்த வார்த்தையின் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் நான் விசாரிக்க நேர்ந்தது. அந்த வார்த்தை 'சில்'.

என் ஒரே பிள்ளை ரகுவுக்கு ஸ்காட்லாந்தில் அபர்தீன் என்ற ஊரில் உத்தியோகம். கடலோரத்து ஊர், எங்கே பார்த்தாலும் கருங்கல் கட்டடங்கள். அங்கேயே ஹெலன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அந்தச் செய்தி வந்தபோது உறவுக்காரர்கள் துக்கம் கேட்க வருகிறவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு வந்து போனார்கள். எனக்கென்னவோ துக்கம் ஒன்றும் இல்லை. ஹெலன் நல்ல பெண். திருவல்லிக்கேணி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருந்தாள். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தாள். என்னை 'அம்மா' என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். எங்களுக்கு நடுவில் பாஷை மட்டும் கொஞ்சம் நொண்டியது. அவளுக்குத் தமிழ் பத்து வார்த்தை. எனக்கு ஆங்கிலம் நூறு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு இருவரும் சௌகரியமாகவே குடித்தனம் நடத்தினோம்.

எல்லாரும் கைப்பேசியில் இரண்டு வரி தட்டிவிடுகிற இந்தக் காலத்தில், கையால் கடிதம் எழுதுவதில் ஹெலனுக்கு ஒரு பிரியம். நாலு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு பகல் பன்னிரண்டு மணிக்கு, தபால்காரர் அவளுடைய கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மின்சாரம் வேறு போய்விட்டது. விசிறியால் விசிறிக்கொண்டே உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரு படம். கறுப்பும் வெளுப்புமாய், மழை பெய்த ஜன்னல் கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே ஹெலனின் குண்டு குண்டான எழுத்தில், 'அம்மா, இதுதான் உங்கள் பேரக்குழந்தை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று இந்த ஊர்ப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெயிலில் நடந்து வந்தவள் தலையில் ஒரு குடம் கிணற்று நீரைக் கவிழ்த்தது போல், உச்சி முதல் பாதம் வரை சில்லென்று குளிர்ந்து போயிற்று. என் கணவர் காலமான ஆறு வருஷத்தில் அப்படி ஒரு ஆனந்தம் எனக்கு வந்ததே கிடையாது.

அதை அப்படியே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். 'மனம் சில்லென்று ஆயிற்று' என்பதற்கு ஆங்கிலம் என்ன? யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஆங்கிலத்திலும் அதே 'சில்' இருக்கிறதே! இரண்டு பாஷைக்காரர்களும் கூடிப் பேசி எனக்காகவே வைத்தது போல் அல்லவா இருக்கிறது! 'யுவர் லெட்டர் ஹாஸ் சில்ட் மை ஹார்ட்' என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'உன் மாமனார் இறந்த பிறகு என் நெஞ்சு இப்படி ஆனது இதுதான் முதல் தடவை' என்று இன்னொரு வாக்கியத்தையும் அதே ஆங்கிலத்தில் சேர்த்து, மிகுந்த திருப்தியுடன் தபாலில் போட்டேன்.

பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ரகு போனில் பேசும்போது ஹெலனும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து 'வணக்கம் அம்மா' என்பாள். அதுவும் நின்றுவிட்டது. "தூங்கறாம்மா" என்பான், "கடைக்குப் போயிருக்காம்மா" என்பான். மசக்கை போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது ஞாயிறு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாடி வீட்டுக் காலேஜ் பெண் வித்யாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவள், "ஒண்ணும் இருக்காது பாட்டி. சில்!" என்றாள். இவளும் ஏன் 'சில்' என்கிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் கடிதம் போய்ச் சேர்ந்து 22-ம் நாள், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ரகு கூப்பிட்டான்.

"அம்மா, கோவிச்சுக்காதே. ஹெலனுக்கு நீ எழுதின லெட்டரை இன்னிக்குத்தான் மேஜை டிராயர்ல பார்த்தேன். ஏம்மா அப்படி எழுதினே?"

"எப்படி எழுதினேன்? சந்தோஷமாகத்தானே எழுதினேன்!"

"சந்தோஷமா? நீ எழுதியிருக்கிறதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'உன் கடிதத்தைப் பார்த்து என் நெஞ்சு நடுங்கிப் போச்சு. உன் மாமனார் செத்தப்புறம் இப்படி ஆனது இதுதான் முதல் தடவை.' அதைத்தான் எழுதியிருக்கே. இத்தனை நாளா என்கிட்டக்கூடக் காட்டாம வெச்சுக்கிட்டு அழுதிருக்கா."

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. "நான் இன்னிக்கு ராத்திரியே அவளுக்கு விளக்கிச் சொல்லிடறேன்" என்றான் ரகு. "வேண்டாம்டா" என்றேன். "எழுதினது நான். சொல்ல வேண்டியதும் நான்தான். நாளைக்கு அவளை எப்படியாவது போன் பக்கத்தில் உட்கார்த்தி வை."

சொல்வதாகச் சொல்லிவிட்டேனே தவிர, எதைச் சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் முப்பத்தைந்து வருஷம் ஆங்கிலப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் 'ஸார்'தான். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலையணை கனத்துக்கு இருந்த ஓர் அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. அவங்க 'சில்'லுக்கும் நம்ம 'சில்'லுக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. நம்முடையது குறிப்புச் சொல். உடம்புக்குப் பட்டதை வாய் அப்படியே சொல்றது. சிலுசிலுன்னு காத்து, சிலீர்னு தண்ணீர், எல்லாம் அந்த வகைதான். அவங்களோடது ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசான சொல். பழைய ஆங்கிலத்திலேயே குளிர், உறைபனி என்கிற அர்த்தத்துல இருந்தது."

"அப்படியானால் 'கோல்ட்' என்பது?"

"கூடப் பிறந்தது. 'கோல்ட்', 'கூல்', 'சில்' மூணும் ஒரே வயித்துப் பிள்ளைகள். அந்த வேரோட இன்னொரு கிளை லத்தீன்ல 'உறைதல்'னு ஆச்சு. அது பிரெஞ்சு வழியா இங்கிலாந்துக்குள்ள நுழைஞ்சுதான் 'ஜெல்லி'. நீங்க குழந்தைகளுக்குக் கிளறிக் கொடுக்கிற ஜெல்லிக்கு நேர் அர்த்தம் 'உறைஞ்சது'. இத்தாலிக்காரங்க ஐஸ்கிரீமுக்கு 'ஜெலாட்டோ' என்கிறதும் அதே கிளைதான்."

எனக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. ரகு அங்கே போன புதிதில் 'இங்கே ஒரே சில்லி' என்று செய்தி அனுப்பியிருந்தான். மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, 'வயிற்றைப் பார்த்துக்கொள்' என்று பதில் போட்டிருந்தேன்.

"அதுவும் வேற சில்லி" என்றார் ஸார். "மிளகாய் 'சில்லி' மெக்ஸிகோ தேசத்துப் பழங்குடி பாஷைச் சொல். ஸ்பானியர்கள் அதை வாங்கி உலகத்துக்கெல்லாம் கொடுத்தாங்க. செடியைப் போர்த்துக்கீசியர்கள் 16-ம் நூற்றாண்டுல நம்ம தேசத்துக்குக் கொண்டுவந்தாங்க. நாம அந்தப் பேரை எடுத்துக்கலை. ஏற்கெனவே மிளகு இருந்ததனால 'மிளகாய்'னு வெச்சுக்கிட்டோம். ஓசை ஒண்ணா இருந்தா உறவுன்னு ஆயிடாதும்மா. ஒரே இனிஷியல் உள்ளவங்க எல்லாரும் பங்காளியா?"

"சரி ஸார், குளிர் என்றுதானே அர்த்தம்? குளிர்ந்தால் நல்லதுதானே? அவள் எதற்காக அழ வேண்டும்?"

ஸார் அகராதியை மூடிவிட்டார்.

"அங்கேதாம்மா விஷயம் இருக்கு. நாம வெயில்ல பிறந்தவங்க. நமக்கு நல்லதெல்லாம் குளிர்ச்சி. கண் குளிரப் பார்த்தேன் என்கிறோம். வயிறு குளிர்ந்தது, உள்ளம் குளிர்ந்தது என்கிறோம். கெட்டதெல்லாம் சூடு. வயிறு எரியுது, மனசு கொதிக்குது. இவ்வளவு ஏன், 'தண்ணீர்' என்கிற சொல்லையே பாருங்க. தண் என்றால் குளிர்ச்சி. தண்ணீர்னா குளிர்ந்த நீர். நீர்னு சொன்னாலே அது குளிர்ந்துதான் இருக்கணும்னு நமக்கு ஆசை. அவங்க பனியில பிறந்தவங்க. அவங்களுக்குக் குளிர் சத்துரு. அன்பான வரவேற்பு அவங்க பாஷையில 'வார்ம்'. இரக்கமில்லாத மனசு 'கோல்ட்'. 'சில்' அதைவிட ஒரு படி மேல. ஜுரத்துல வர்ற நடுக்கமும் 'சில்'. பயத்துல முதுகுத் தண்டு விறைக்கிறதும் 'சில்'. ஒருத்தரோட உற்சாகத்தை அணைச்சுடறதும் 'சில்'. நம்ம உச்ச நீதிமன்றம் 2015-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 66ஏ பிரிவை ரத்து பண்ணினப்போ, ஜனங்க பயந்து வாயை மூடிக்கும்படி செய்யறதுக்கு 'சில்லிங் எஃபெக்ட்' என்கிற தொடரைத்தான் தீர்ப்புல சொன்னாங்க."

"ஆனால் மாடி வீட்டு வித்யா எனக்குத் தைரியம் சொல்கிறபோது 'சில்' என்றாளே?"

"அது புது அவதாரம்! அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பேச்சுல 1970-களோட கடைசியில புறப்பட்டது. பதறாதே, அமைதியா இரு என்கிற அர்த்தம். அதுக்கு முன்னாலேயே அவங்க ஜாஸ் வித்வான்கள் 'கூல்' என்கிறதைப் பாராட்டுச் சொல்லா ஆக்கிட்டாங்க. மைல்ஸ் டேவிஸோட ஓர் இசைத்தட்டுக்கே 1957-ல் 'கூல் பிறந்த கதை'ங்கிற மாதிரிதான் பேர் வெச்சாங்க. ஆனா வித்யா 'சில்'லும் உங்க மருமகளுக்கு வந்த 'சில்'லும் வேற வேற. 'நெஞ்சு' பக்கத்துல வந்தா அது பழைய குளிர்தான்."

வீட்டுக்குத் திரும்பி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தேன். ஸார் சொன்னது எல்லாம் சரி. ஆனாலும், 'அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் சில் கெட்டது' என்பதில் எனக்கு ஏதோ இடித்தது. நமக்கு மட்டும் எப்போதும் நல்லதுதானா?

ஆறு வருஷத்துக்கு முந்திய ஒரு விடியற்காலை ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே கண் அயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். அவர் கையை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துப் பார்த்துவிட்டு, "சில்லிட்டுப் போச்சும்மா" என்றாள்.

அதே சொல். நம்முடைய சொல். முப்பத்தெட்டு வருஷம் நான் பிடித்திருந்த கை, பானையைத் தொட்டது போல் இருந்தது. 'சில்' என்றால் அதுவும்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கத்திரி வெயிலும் சந்தோஷமுமாகச் சேர்ந்து மறக்கடித்துவிட்டது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண் என் கடிதத்தில் படித்தது அந்த விடியற்காலையைத்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மத்தியானம் போனில் ஹெலன் வந்தாள். கண் இமை தடித்திருந்தது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலமெல்லாம் மறந்துவிட்டது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, ரகு ஆங்கிலத்தில் சொன்னான்.

அவளுக்கு நான் ஐஸ் ஹவுஸ் கதையைச் சொன்னேன். இங்கே வந்தபோது என்னோடு கடற்கரைக்கு நடந்து போய் அவள் பார்த்த கட்டடம்தான். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். பேட்டைக்காரர்களுக்கு இன்னமும் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் ட்யூடர் என்று ஒரு வியாபாரி, பாஸ்டன் பக்கத்தில் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளை வெட்டி, அந்தக் கட்டிகளைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-ல் முதல் கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. 180 டன் ஏற்றியதில் நாலு மாதக் கடல் பிரயாணத்தில் உருகினது போக, சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. 1842-ல் சென்னையில் அந்த ஐஸைச் சேமித்து வைக்கக் கட்டினதுதான் எங்கள் ஐஸ் ஹவுஸ்.

"ஹெலன், அந்த ஐஸைக் காசு கொடுத்து வாங்கினவர்கள் யார்? உன் தேசத்துக்காரர்கள்தான். ஊரில் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குளிரை வைதவர்கள், இங்கே வந்து ஒரு வெயில் காலம் இருந்ததும் அதே குளிருக்காகக் கப்பல் வருமா என்று காத்திருந்தார்கள். நீ இந்த வெயிலில் ஒரு மாதம் இருந்திருக்கிறாய். அந்த வெயிலில் நின்றுகொண்டு என் கடிதத்தைப் படி. உன் ஊரில் நின்று படிக்காதே. எங்கள் ஊரில் ஒருத்தியை வாழ்த்த வேண்டுமானால் 'குளிர்ந்து இரு' என்றுதான் வாழ்த்துவோம்."

ரகு சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். "குழந்தை வேண்டாம் என்று நினைக்கிறீர்களோ என்று பயந்துவிட்டேன் அம்மா" என்றாள். அந்த ஆங்கிலம் எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

நவம்பர் கடைசியில், பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னதாக, நான் அபர்தீன் போய் இறங்கினேன். விமான நிலையத்து வாசலைத் தாண்டியதும் முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. மாலை நாலு மணி ஆகவில்லை; இருட்டிவிட்டது. "மூணு டிகிரிதாம்மா. ஆனா 'விண்ட் சில்' மைனஸ் நாலு" என்றான் ரகு.

"இங்கேயும் அந்தச் சொல்தானா?" என்றேன்.

காரில் போகும்போது விளக்கினான். அண்டார்க்டிகாவில் ஸைப்பிள், பாஸெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள், ஒரு சிறிய பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பி, வெளியே கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டு, எவ்வளவு காற்று அடித்தால் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்களாம். அந்தக் கணக்கை 1945-ல் வெளியிட்டார்கள். காற்றினால் வெப்பமானியில் டிகிரி குறைவதில்லை. உடம்பைச் சுற்றியிருக்கிற சூட்டைக் காற்று சீக்கிரமாக வாரிக்கொண்டு போய்விடுகிறது. "நம்ம வீட்டு மின்விசிறி பண்ற வேலையும் அதேதாம்மா. குளிர்னு தனியா ஒரு வஸ்து கிடையாது. சூடு நம்மை விட்டுப் போறதுக்குத்தான் குளிர்னு பேர்" என்றான்.

சூடு நம்மை விட்டுப் போவது. எஸ்.எஸ்.எல்.சி. சயன்ஸ் பாடத்தில் நானும் அதைப் படித்திருக்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து படித்ததுதான் எனக்கு மனத்தில் நின்றது.

வீட்டு வாசலில் கார் நின்றது. கையுறையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டிருந்தேன்; விரல்கள் மரத்து, கைப்பையின் வாரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஹெலன் வந்தாள். வயிறு முன்னே வர, அவள் பின்னே வந்தாள். 'வணக்கம்' சொல்லவில்லை. என் இரண்டு கைகளையும் பற்றித் தன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, வாயருகே கொண்டுபோய் ஊதி, தேய்த்து, மறுபடியும் ஊதினாள். கதவு திறந்தபடியே கிடந்தது. "உள்ளே வந்து செய்யக்கூடாதா?" என்று ரகு கத்தினான். அவள் விடவில்லை.

மெல்ல மெல்ல விரல்களுக்கு உயிர் வந்தது. 'வார்ம்' என்ற சொல்லுக்கு அந்த ஊரில் ஏன் அவ்வளவு மரியாதை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. எதிர் வீட்டு ஸாரின் அகராதி அதற்குத் தேவைப்படவில்லை.

டிசம்பரில் பேத்தி பிறந்தாள். இப்போது அவளுக்கு மூன்றரை வயது. வருகிற சித்திரைக்குக் குழந்தையோடு இங்கே வருகிறார்கள். 'அந்த வெயிலில் வேண்டாமே, மார்கழியில் வாருங்களேன்' என்று எழுதினேன். ஹெலன் கேட்கவில்லை. 'வெயிலில் வந்தால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவளுக்குப் புரியும்' என்று பதில் எழுதியிருக்கிறாள். அதைப் படித்தபோது எனக்கு மறுபடியும் உச்சி முதல் பாதம் வரை அதே மாதிரி ஆயிற்று. இந்தத் தடவை அதை ஆங்கிலத்தில் எழுதவில்லை.

நேற்று மயிலாப்பூர் போய் ஒரு மண்பானையும் கொஞ்சம் வெட்டிவேரும் வாங்கி வந்திருக்கிறேன்.